பட்டியலில் நான்காவது பெயர்

மூக்கண்டப்பள்ளியில் அறை எடுத்துத் தங்கிய நாளிலிருந்து வெங்கடம்மாள் தன் பெயரை யாருக்கும் சுருக்கிக் கொடுத்ததில்லை. பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் "வெங்கி" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் திரும்பவே இல்லை. எட்டு வருஷமாகிறது. இன்றைக்கு மேனேஜர்கூட முழுப் பெயரைத்தான் சொல்கிறார்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பெண். பாலிடெக்னிக் முடித்து மெயின்டனன்ஸ் பிரிவில் மோட்டார் பார்க்க வந்தவள், நெட்வொர்க் கேபிள் இழுக்க ஆளில்லாதபோது அதையும் தானாகவே கற்றுக்கொண்டாள். போன ஆடியில் ஏழாம் லைனுக்குக் கேபிள் போட்டது முழுக்க அவள் கை. பதினோரு நாள் ஏணி மேலேயே நின்றாள்.

அந்த ஏழாம் லைன்தான் அவள் பெயரைக் கெடுத்தது. அங்கே ஸ்கேனர் ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் படிக்கும். லைன் கம்ப்யூட்டர் அதை ஆபீஸ் கட்டடத்து சர்வருக்கு அனுப்பும். சர்வர் சரி என்றால்தான் அடுத்த பாகம் நகரும். மூன்று வாரமாக, தினமும் மதியம் இரண்டு மணிக்குப் பதில் வராமல் லைன் நின்றது. ஏழெட்டு நிமிஷம் கழித்துத் தானாகவே ஓடியது.

"கேபிள்தாம்மா. உச்சி வெயில்ல சூடாயி மயங்கி விழுது," என்றார் முதல் ஷிஃப்ட் சூப்பர்வைசர் முத்துக்குமார்.

"மயங்கி விழுந்து எட்டே நிமிசத்துல எந்திரிச்சிக்குதா சார்? சோடா யாரு குடுத்தா?"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே நோட்டில் 'கேபிள் கோளாறு' என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் முடிவு சொன்னார். புதன்கிழமை பெங்களூர் கான்ட்ராக்டரின் ஆட்கள் வந்து அவள் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். இனி நெட்வொர்க் வேலை அவர்களுக்கே. அவள் பழையபடி மோட்டார் பார்க்கலாம்.

"உன் மேல தப்புன்னு சொல்லலம்மா," என்றார்.

வேறு எப்படிச் சொல்வார்களாம்? "அதுக்குள்ள நான் கண்டுபிடிச்சிக் காட்டறேன் சார்," என்றாள்.

அன்று மாலை ஏழாம் லைன் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்ன புரோகிராம் எழுத உட்கார்ந்தாள். கம்ப்யூட்டருக்குள் போகிற, வருகிற தகவலைப் பிடித்துப் பார்ப்பதுதான் அதன் வேலை. பிடிப்பதற்கு முன், எந்தெந்த வழிகளில் பிடிக்கலாம் என்று பட்டியல் கேட்க வேண்டும். கேட்டாள். பட்டியல் காலியாக வந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டாள். அட்மின் அனுமதி கொடுக்காதது பிறகுதான் உறைத்தது. கொடுத்ததும் மூன்று வழிகள் வந்தன: ஒரு வைஃபை, ஒரு கேபிள், கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் ஒன்று. கேபிளைத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டாள்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது மெயின்டனன்ஸ்காரர்கள் எல்லோரும் பொறுப்பு ஒப்படைக்க அடுத்த ஷெட்டுக்குப் போயாக வேண்டும். அதனால் லைன் நிற்கும் நேரத்தில் அவள் அங்கே இருந்ததே இல்லை. சனிக்கிழமை திரும்பி வந்து பதிவைப் பார்த்தாள். 1.58 வரை சர்வருடன் மும்முரமான பேச்சு. அதன்பிறகு எட்டு நிமிஷம் லைன் கம்ப்யூட்டர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ஒரு நிமிஷம் அவளுக்கே தன் கேபிள் மீது சந்தேகம் வந்தது. மறுபடி பார்த்தாள். கம்ப்யூட்டர்தான் வாய் மூடியிருந்தது. கேபிளின் மறுமுனையில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து வரும் வழக்கமான அறிவிப்புகள் அந்த எட்டு நிமிஷமும் அதே கேபிளில் வந்துகொண்டுதான் இருந்தன. கேபிள் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் கம்ப்யூட்டர் வேறு எங்கே பேசிக்கொண்டிருந்தது?

ஞாயிறு விடுமுறையில் புரோகிராமை மாற்றினாள். பத்து விநாடிக்கு ஒருமுறை அந்தப் பட்டியலையே திரும்பக் கேட்டு, நேரத்தோடு எழுதி வைக்கும்படி.

திங்கள் இரண்டேகாலுக்கு ஓடி வந்து ஃபைலைத் திறந்தாள். 1.58 வரை மூன்று பெயர்கள். அதன்பிறகு நான்கு. 2.06க்கு மறுபடி மூன்று. வந்துபோன நான்காவது, யுஎஸ்பி வழியாகப் போன் இணையம் கொடுக்கும்போது வருகிற பெயர்.

ஆபரேட்டர்கள் போனைக் கேட்டிலேயே கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே போன் கொண்டுவர அனுமதி சூப்பர்வைசர்களுக்கு மட்டும்தான்.

முத்துக்குமார் கிளம்பத் தயாராக நின்றார்.

"சார், உங்க போனை இதுல ஒருக்கா சொருகுங்க. நெட்டையும் ஆன் பண்ணுங்க."

"எதுக்கு?" என்றவர் செருகினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "ஏனாயித்து அக்கா? மறுபடி நின்னுபோச்சே!" என்று லைனிலிருந்து ஆபரேட்டர் திம்மராயன் பாதிக் கன்னடத்தில் கத்தினான். போனைப் பிடுங்கினார். லைன் ஓடியது.

அவர் முகம் வெளுத்தது. "மூணு வாரமா கஸ்டமரு ரெண்டு அஞ்சுக்குள்ள எத்தனை பாகம் ஆச்சுன்னு கவுண்ட் ஷீட்டை வாட்ஸப்புல கேக்கறாங்க. இந்த சிஸ்டத்துல நெட் கெடையாது. மேல ஆபீசுக்குப் போய் அனுப்ப நேரமில்ல. அதான்..."

"போனைச் சொருகினா சர்வருக்குப் போறதையும் இது போன் வழியாவே அனுப்புது சார். உங்க போன் நம்ம சர்வரை எங்க கண்டுது?"

"இது தெரிஞ்சா எனக்கு மெமோ வரும் வெங்கடம்மா."

"தெரியலன்னா என் கேபிள் போயிடும் சார்."

பிரிண்ட் எடுத்த தாளை அவர் கையில் கொடுத்தாள். "நான் போய்ச் சொன்னா போட்டுக்குடுத்த மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லுங்க. அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் இன்னொரு காப்பியோட நானே போவேன்."

ஷிஃப்ட் பஸ்ஸை விட்டுவிட்டு அவர் கேன்டீனில் உட்கார்ந்திருந்தார். இரண்டு டீ குடித்தார். ஐந்துக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார். திட்டு வெளியே வரை கேட்டது. பிறகு மேனேஜர் அவளையும் கூப்பிட்டு, தாளை இரண்டு முறை படித்துவிட்டு, பெங்களூருக்குப் போன் போட்டு ஆட்களை வரவேண்டாம் என்றார்.

செவ்வாய் மதியம். மணி 1.59. வெங்கடம்மாள் மேனேஜரிடம் கேட்டு அன்று மட்டும் லைனிலேயே நின்றாள். லைன் ஓடிக்கொண்டிருந்தது. முத்துக்குமார் போனைக் கையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் தவித்தார்.

"இப்ப கவுண்டை எப்படிம்மா அனுப்பறது?"

"நாளைக்குள்ள ஒரு வழி போட்டுத் தர்றேன் சார்," என்றாள் வெங்கடம்மாள். "இன்னிக்கு படி ஏறுங்க."