மஸ்தான் வண்டிக்காரர்

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசிக் காம்பிரா அம்புரோசுடையது. காம்பிரா என்றால் ஓர் அறையும் ஓர் அடுப்படியும். சிலோனிலிருந்து வந்தவர்கள் நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். அந்த ஓர் அறையில் அவர் படுக்க ஒரு கட்டில், மற்ற இடமெல்லாம் பொம்மைக் கார்கள். எல்லாம் ஒரே கார். மூக்கில் ஓடுகிற குதிரை ஒட்டிய பழைய அமெரிக்கக் கார். உள்ளங்கையில் அடங்குவதும் உண்டு, முறம் நீளத்துக்கு இருப்பதும் உண்டு. மஸ்தான் வண்டி என்று லயம் முழுக்கச் சொல்லும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் பேத்தி ஸ்டெபி, "அது மஸ்டாங், அம்மிச்சி" என்கிறாள். மஸ்தான் என்றே எழுதடி என்று சொல்லிவிட்டேன். அம்புரோசே எங்களைத் திருத்தினதில்லை.

அவரும் சிலோனிலிருந்து கூடலூர்ப் பக்கம் இந்த ஓவேலிக்குக் கைப்பிள்ளையாக வந்தவர். வளர்ந்து தேயிலை ஃபாக்டரியில் டிரையர் மெஷினுக்கு நின்றார். ரிட்டயர் ஆகும்வரை அங்கேயேதான். மெட்டில்டாவைக் கட்டினார், ஈவ்லின் பிறந்தாள். மெட்டில்டா காய்ச்சலில் போனாள். ஈவ்லின் நர்ஸ் வேலைக்கு குவைத் போனாள். ஒரு மனுஷனைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதானா என்றால், வண்டிகளைச் சேர்த்தால்தான் கணக்கு முடியும்.

பெட்டியில் வருகிற கார், காராக வராது. பிளாஸ்டிக் சட்டத்தில் கதவும் சக்கரமும் தனித்தனியாகக் காய்த்துத் தொங்கும். நகவெட்டியால் வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். எங்கள் மழைக்காலத்தில் பெயிண்ட் லேசில் காயாது, மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் வேலையில் இருந்தவரை டிரையர் பக்கத்தில் வைத்துக் காயவைத்தார். ரிட்டயர் ஆனதும் என் அடுப்புக்கு மேலே இருக்கிற தட்டுக்கு வந்துவிட்டார்.

"அக்கா, ஒரு பிஸ்கட் டப்பாக்குள்ள வெச்சுக்கட்டுங்களா? புகை அண்டாமப் பாத்துக்குவேன்."

"புகை கிடக்குது. என் ரசத்துல பெயிண்டு வாசம் வருதே தம்பி!"

"கொத்தமல்லி சேத்துப் போடுங்க, தெரியாது."

ஏன் இந்த வண்டியே என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்வார். ஊட்டி மேட்டில் ஒன்று ஏறிப் போனதைப் பார்த்தேன் என்பார். கூடலூர்ச் சந்தையில் முதல் பொம்மையை மெட்டில்டாதான் எடுத்தாள் என்பார். சும்மாதானுங்க என்பார். எனக்கு மெட்டில்டா காரணம்தான் சரி. வேறு யார் என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் போன பிறகுதானே வண்டிகள் பெருகின? ஈவ்லின் குவைத்திலிருந்து பெட்டி பெட்டியாக அனுப்புவாள். "பெட்டி வந்துச்சாப்பா?" "வந்துச்சும்மா." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது.

பார்க்கத்தான் ஆள் இல்லை. எட்டிப் பார்ப்பவர்கள் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எது எந்த வருஷத்து வண்டி, எதில் எது மாறியது என்று தெரிந்த ஒருத்தர், ஒரே ஒருத்தர், வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

போன மழைக்காலத்தில் அது கைக்கு எட்டியது. ஈவ்லின் போனில் போட்ட வண்டிகளின் படத்தைப் பார்த்துவிட்டு, ஊட்டிப் பக்கம் லவ்டேலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் ஆண்ட்ரூ என்பவர், அம்புரோஸ் மகளோடு பேசத் தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏறியிருந்த நேரம் கூப்பிட்டார். அவரும் இதே கார்தான் சேர்க்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

அன்றைக்கு அம்புரோஸ் சர்ச்சுப் பூசைக்குக்கூடப் போகவில்லை. கட்டிலில் வெள்ளை விரிப்பு விரித்து, வருஷ வரிசையில் வண்டிகளை நிறுத்தினார். கேக் வாங்கி வைத்தார். சவரம் செய்த கன்னத்தோடு வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். எங்கள் பக்கம் போனில் சிக்னல் கிடையாது. தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏறினால்தான் உண்டு. ஏறலாம் என்றால், அந்த நேரம் பார்த்து ஆள் வந்துவிட்டால்? ஏறவில்லை. இருட்டியது. ஆண்ட்ரூ வரவில்லை. கேக்கை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் கீழ் பஜாருக்குப் போன என்னிடம் டீக்கடைச் செல்லக்கண்ணு சிரித்துச் சிரித்து ஒரு கதை சொன்னான்.

"நேத்து ஒரு சார் வந்தாருங்கக்கா. 'இங்க மஸ்டாங் வெச்சிருக்கறவர் ஊடு எது'ன்னாரு. மஸ்தானுக்கு ஊடு எதுக்குங்க, கடையிலயே இருப்பாருன்னு கறிக்கடையைக் காட்டி உட்டேன்."

கறிக்கடைக்காரர் பெயர் மஸ்தான், எங்களுக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன். அவர் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாராம் வந்தவர்.

"ரெண்டு வெட்டியாச்சு. ஒண்ணு பின்னால கட்டிக் கிடக்கு."

"எந்த வருஷத்ததுங்க?"

"வருஷமா? எட்டு மாசம்தான் சாரே, நல்ல எளசு. பாக்கணுமா, வா."

கூட்டிக்கொண்டு போய் ஆட்டைக் காட்டியிருக்கிறார். வந்தவர் முகம் செத்துவிட்டதாம். யாரோ படத்தைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். போனை எடுத்தால் அதிலும் சிக்னல் இல்லை. வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டு அரைக்கிலோ கறி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. நேராக மேலே ஏறி அம்புரோசிடம் சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை. வண்டிகள் எல்லாம் அலமாரிக்குத் திரும்பியிருந்தன.

"அப்ப, வந்திருக்காருங்க" என்றார்.

"வந்துட்டுத்தான் போயிருக்காரு. மேட்டுக்கு ஏறிப் போனைப் போடு."

"என்னன்னு சொல்றதுங்கக்கா? எங்க ஊருல மஸ்டாங்கை மஸ்தான்னுதான் சொல்லுவோம்னா?"

"ஆமா, சொல்லு. பொய்யா?"

"வேணாங்க. உடுங்க."

விடுகிற ஆளா நான்? முழங்கால் வலியோடு முன்னால் நடந்தேன். கிழவி தனியாக ஏறுகிறாளே என்று பின்னால் வந்தார்.

தொட்டி மேட்டில் போன் எடுபட்டது. விஷயத்தைச் சொன்னதும் ஆண்ட்ரூ சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. அம்புரோசும் கொஞ்சம் சிரித்தார். பிறகு முகம் மாறியது. லவ்டேல் வேலையை விட்டு பெங்களூர் போகிறாராம், சாமானெல்லாம் கட்டியாகிவிட்டதாம், அடுத்து இந்தப் பக்கம் எப்போது என்று தெரியாதாம். "என்னென்ன வெச்சிருக்கீங்க, போன்லயே சொல்லுங்களேன் சார்" என்றாராம்.

அம்புரோஸ் சொல்ல ஆரம்பித்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "அறுபத்தஞ்சு மூணு இருக்குதுங்க சார். பின்விளக்கு மூணு மூணு கோடா வருமே, அது. அறுபத்தேழுல உடம்பு கொஞ்சம் பெருத்துப்போச்சு..." பைக்காரா பக்கமிருந்து பனி இறங்கித் தொட்டியை மூடியது. சிக்னல் அறுந்தால் அந்தப் போன் விட்டு விட்டுக் கூவும். கூவியது. தள்ளி நின்ற எனக்கே கேட்டது, காதில் வைத்திருந்தவருக்குக் கேட்காதா? ஆனாலும் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

"அறுபத்தொம்பதுல மட்டும் முன்னால நாலு விளக்குங்க சார்..."

நான் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தேன்.

"நாலு விளக்கு வண்டி உங்கிட்ட இருக்குதா தம்பி?"

போனைக் காதிலிருந்து இறக்கினார். "இருக்குதுங்கக்கா. மேல் தட்டுல. நீலம்."

"கதவு தொறக்குமா?"

"தொறக்காதுங்க. ஒட்டுனது."

போனைச் சட்டைப்பையில் போட்டார். கீழே லயம் தெரியவில்லை, வழியும் தெரியவில்லை.

"எழுபதுல திரும்ப ரெண்டே விளக்காக்கிட்டாங்க சார்" என்றார், பனியைப் பார்த்து.