பெண்களுக்கு மட்டும்

இனி தினமும் உடற்பயிற்சி செய்யாவிட்டால் சர்க்கரைக்கு ஊசிதான் என்று டாக்டர் சொன்னபோது, எனக்கு ஊசியைவிட உடற்பயிற்சிதான் பயமாக இருந்தது. பெருத்த உடம்பு. அசைத்தால் நாலு பேர் பார்ப்பார்கள்.

ஸ்ரீரங்கத்தில் நடக்க இடமா இல்லை? கொள்ளிடக் கரையில் நாய்கள் துரத்தின. சித்திரை வீதியில் தெரிந்தவர்கள் நிறுத்தி நிறுத்தி, "என்ன, ஒடம்பைக் குறைக்கறீங்களா?" என்று விசாரித்தார்கள். பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்கள் கண்ணாலேயே எடை போட்டார்கள்.

கடைசியில் திருவானைக்காவலில் ஒரு மாடியில், பெண்களுக்கு மட்டும் என்று ஓர் உடற்பயிற்சிக் கூடம் கிடைத்தது. பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி எல்லாவற்றையும் துருவிப் பார்த்தேன். தரை துடைத்திருந்தது, காற்று வந்தது, கழிவறை சுத்தம். ஜன்னல்களுக்குக் கனத்த திரை. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று அன்றே சேர்ந்துவிட்டேன்.

நடத்தியவளுக்கு முப்பது வயதிருக்கும். அக்கா, அக்கா என்பாள். நான் வியர்த்து வழிந்து மல்லாந்தால் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவாள். கல்யாணத்துக்குப் பிறகு நான் போட்டோவுக்கே நின்றதில்லை என்பதைக்கூட அவளிடம் சொல்லியிருந்தேன். நாலு மாதம் ஒருநாள் தவறாமல் போனேன். "பாதியா இளைச்சுட்டீங்கக்கா, கண்ணாடியைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். ஆமாம் போலத்தான் இருந்தது. அந்தப் பூரிப்பில், "ஒரு போட்டோ எடுத்துக்கறேன்க்கா, எனக்கு மட்டும்தான்" என்று அவள் தன் செல்போனைத் தூக்கியபோது சிரித்துக்கொண்டே நின்றேன்.

அடுத்த வாரம் ஆபீஸ் போகிற பஸ்ஸில், பக்கத்திலிருந்த தோழி ஜன்னல் வழியே கையை நீட்டினாள்.

"அது உங்க ஊதா சுடிதார்தானே?"

அந்த மாடிக்குக் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். முகத்தில் மஞ்சள் சிரிப்புப் பொம்மை ஒட்டியிருந்தது. கழுத்திலிருந்து கால் வரை நான்தான். அடியில் 'முன்பு' என்று போட்டிருந்தது. 'பின்பு' என்று பக்கத்தில் நின்றது, நான் பார்த்தேயிராத ஓர் ஒல்லிப் பெண்.

மாலையில் போய்க் கத்தினேன். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"முகத்தை மறைச்சுட்டேனேக்கா, யாருக்குத் தெரியப் போகுது?"

"அது கெடக்கட்டும். நாலு மாசம் கழிச்சு எடுத்த போட்டோவை எப்படிடி முன்புன்னு போட்ட? இளைச்சுட்டேன்னு நீதானே சொன்ன?"

என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாசமாகத்தான் பிடித்தாள்.

"அப்படிச் சொன்னாத்தானேக்கா நீங்க தினமும் வருவீங்க."

கையை உருவிக்கொண்டு இறங்கிவிட்டேன். வேறு இடம் தேடவில்லை. ஆத்திரமும் இன்னும் அடங்கவில்லை. ஊர் பார்த்ததுகூட ஆறிவிடும். அவள் ஒருத்தி முன்னால்தான் என் உடம்பை நான் மறந்திருந்தேன். அவளோ முதல் நாளிலிருந்து அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.