கீழே இறங்காத கண்கள்

யுத்தம் தொடங்கிய வருஷம், மலைக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் கணவர் காரணமே இல்லாமல் மல்லாந்து விழத் தொடங்கினார். சாப்பிட உட்கார்ந்தால் இலையில் சோற்றைக் கை துழாவித் தேடியது.

டாக்டர் தன் விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி மெதுவாகக் கீழே இறக்கினார். கண்கள் இறங்கவில்லை.

"அபூர்வமான நரம்பு நோய்ம்மா. மருந்து கிடையாது. போகப் போக விழுங்குறதும் கஷ்டமாயிடும்" என்றார்.

அன்றிலிருந்து தட்டை அவர் கண்ணுக்கு நேரே பிடித்து, குழைத்த சோற்றை நானே ஊட்டினேன். ஒரு மத்தியானம் புரையேறி அவர் முகம் கறுத்துவிட்டது. முதுகில் ஓங்கித் தட்டினேன். மூச்சு திரும்பியதும், "பயந்துட்டியா?" என்று குழறினார்.

"இல்லீங்க."

"எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அதன்பின் ஒரு வருஷம் இருந்தார். ஒவ்வொரு வாயும் தொண்டையில் இறங்கும்வரை நான் மூச்சுவிடவில்லை.