இரண்டு பிரேக் உள்ள வண்டி

அந்தப் பகுதியில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக்கொடுத்தவள் அவள்தான். பதினோரு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் வேலை. எல்லோருக்கும் ‘டீச்சர்’. குரலை உயர்த்தத் தெரியாதவள் என்று பெயர். ஒருவர் வண்டியை நேராகக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் இடித்தபோதுகூட, “பரவாயில்ல, நிறுத்தப் பழகிட்டீங்க. இப்ப ரிவர்ஸ் பழகலாம்” என்றுதான் சொன்னாள்.

அப்பா போனபோது அவளுக்கு இருபத்தொரு வயது, தங்கைக்கு மூன்று. அம்மா சீருடை தைக்கும் கடையில் மெஷின் மிதித்தாள். இவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து சின்னவளை ஒன்பதாம் வகுப்பு வரை கொண்டுவந்துவிட்டார்கள்.

போன வருடம்தான் அந்தக் கடைக்குக் கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர் வரத் தொடங்கினார். ஆட்களுக்குச் சீருடை தைக்கக் கொடுக்க வந்தவர், அளவெடுத்து முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தார். காலர் கசங்காத சட்டை, அதிர்ந்து பேசாத வாய். முதல் மனைவி நோயில் இறந்துவிட்டாள் என்றார். அம்மா கண்ணாடி முன்னால் கூடுதலாக ஐந்து நிமிடம் நிற்பதைக் கண்டு, “கட்டிக்கோம்மா. எங்களுக்காக எத்தனை வருஷம் இருப்ப?” என்று முதலில் சொன்னதே மூத்தவள்தான். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். புதுசாக வருகிறவருக்கு இடைஞ்சல் வேண்டாமென்று இவள் டிரைவிங் ஸ்கூல் மாடியறைக்குக் குடிபோனாள்.

மூன்றாம் மாதம் அம்மா வேலையை விட்டாள். நான்காம் மாதம் அவள் போன் தண்ணீரில் விழுந்தது. வேறு போன் வரவேயில்லை. பார்க்கப் போனால் கதவு வெளியே பூட்டியிருக்கும். “திருட்டு பயம்டி, அவர் பூட்டிட்டுப் போறாரு” என்று ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து அம்மா சிரிப்பாள். ஒரு நாள் அந்தச் சிரிப்போடு கையில் கட்டும் இருந்தது.

“படியில வழுக்கிட்டேன்.”

மறுநாள் மூத்தவள் தங்கையின் பள்ளி விடும் நேரத்தில் பயிற்சி வண்டியோடு வாசலில் நின்றாள். தங்கை ஏறி உட்கார்ந்தாள். இரண்டு தெரு தாண்டியதும் பையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

“அம்மா வழுக்கலக்கா. தள்ளிவிட்டாரு. நான் பாத்தேன்.”

வண்டி ஓரமாக நின்றது.

“யார்கிட்டயாவது சொன்னா, அடுத்தது உங்க அக்காதான்னாரு. நாள் பூரா ரோட்டுல சுத்துறவளுக்கு ஒரு விபத்து நடந்தா யாரு சந்தேகப்படுவாங்கன்னு கேட்டாரு.”

அதுவரை அவள் மனதில் ‘அவர்’ என்று இருந்தவர் அந்த நொடியில் ‘அவன்’ ஆனார். ஆத்திரம் தலைக்கேறியது உண்மை. ஆனால் ஆத்திரத்தோடு கியர் மாற்றுகிறவர்களைத் தினம் பார்க்கிறவள் அவள். மூச்சை இழுத்துவிட்டு, வண்டியைக் காவல் நிலையத்துக்குத் திருப்பினாள்.

அங்கிருந்த பெண் ஆய்வாளர் அவளுடைய பழைய மாணவி; மூன்று தடவை டெஸ்டில் தோற்று, நான்காவது தடவை உரிமம் வாங்கியவர். சின்னவள் சொன்னதையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார். தகவல் திரட்ட ஒரு நாள் கேட்டார். அன்றிரவு தங்கை அக்காவோடு தங்கினாள்; பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பினார்கள்.

மறுநாள் ஆய்வாளர் திரட்டிய தகவலைச் சொன்னார்.

“டீச்சர், அந்தாளோட முதல் மனைவி சாகல. வேற ஊர்ல இருக்காங்க. அவங்களும் படியிலதான் விழுந்தாங்களாம், ரெண்டு தடவை. இன்னிக்கு உங்க அம்மாவ வெளிய கொண்டு வந்துடலாம். ஆனா இன்னிக்கு அவன் வேலைக்குப் போகாம வீட்லயே இருக்கான்; அவன் எதிர்ல இருந்தா அவங்க வாயத் திறக்க மாட்டாங்க. அரை மணி நேரம் அவன் வேற எங்கயாவது இருக்கணும்.”

“அது என் பொறுப்பு” என்றாள் இவள்.

நான்கு மணிக்கு அவனே டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தான், அதே கசங்காத காலரோடு.

“பாப்பா எங்கம்மா? ஸ்கூல்லயும் இல்லையே.”

“ஃப்ரெண்டு வீட்ல படிக்கிறா. வாங்க, கூட்டிட்டு வந்துடலாம்.”

“சாவியக் குடு. பொம்பளைங்க ஓட்டுற வண்டியில நான் உக்கார மாட்டேன்.”

இவள் எதிர்பார்த்ததும் அதைத்தான். சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், உட்கார்ந்தாள்.

கடைத்தெரு வழியாகக் காவல் நிலையப் பக்கம் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் முதல் சிக்னலிலேயே அவன் எதிர்ப்பக்கம் திரும்பினான். பாதி கட்டியிருந்த பாலத்துக்குப் போகும் சாலை அது. முள் அறுபதைத் தாண்டி எண்பதுக்குப் போனது.

“வழி தப்பு” என்றாள்.

“தெரியும். உன் தங்கச்சி உன்கிட்ட என்ன சொன்னா?”

“என்ன சொல்லணும்?”

அவன் சிரித்தான். “உங்கம்மாவ ஒரு தள்ளுதான் தள்ளினேன். அதுக்கே அடங்கிட்டா. நீயும் அடங்கினா நல்லது. இல்லேன்னா அதோ, அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோடு கிடையாது.”

தடுப்புப் பலகை நெருங்கியது. பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அவன் கீழே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் இரண்டையும் ஒருசேர மிதித்தாள்.

டயர் கிறீச்சிட்டது. பலகைக்கு ஒரு கார் நீளம் முன்னால் வண்டி நின்றது. அவன் ஆக்ஸிலேட்டரை மிதி மிதியென்று மிதித்தான். எஞ்சின் கத்தியது, சக்கரம் அசையவில்லை. அவள் எட்டிச் சாவியை உருவினாள். ஓங்கிய அவன் கையை இடது முழங்கையால் தடுத்துக்கொண்டே மறுகையால் ஹாரனை அழுத்திப் பிடித்தாள். பாலத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் ஹெல்மெட்டோடு ஓடிவந்தார்கள்.

“என்ன மேடம், படிக்க வந்தவரா?”

“இல்லண்ணா. இவரு எதையும் கத்துக்கிற ஆள் இல்ல. போலீஸ் வர்ற வரைக்கும் இறங்க விடாதீங்க.”

மாணவர்களின் தப்பைப் பிறகு போட்டுக் காட்டுவதற்காகக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த சின்னக் கேமரா, அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்து வைத்திருந்தது. போன் அடித்தது. ஆய்வாளர்.

“அம்மா எங்ககூட வண்டியில இருக்காங்க டீச்சர். நீங்க எப்படி இருக்கீங்க? பயந்துட்டீங்களா?”

“கால் நடுங்குது. அந்த நடுக்கத்துலதான் இவ்வளவு நல்லா அழுந்திடுச்சு போல.”

வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. அம்மா முதல் வாய்தாவில் தலை குனிந்தே பேசினாள். இரண்டாவதில் முதல் மனைவி வந்து சாட்சிக் கூண்டில் ஏறினார். இறந்துபோனதாக அவன் சொல்லியிருந்தவள் உயிரோடு எதிரில் வந்து நின்றதும் அவன் முகத்தில் ரத்தமே இல்லை. இரு பெண்களும் நீதிமன்ற வராந்தா பெஞ்சில் அருகருகே உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். அதற்குப் பிறகு அம்மா குனியவில்லை. அவனுக்கு ஏழு வருடம் கிடைத்தது.

அம்மாவும் தங்கையும் டிரைவிங் ஸ்கூல் மாடிக்கே குடிவந்துவிட்டார்கள். அம்மா பழைய கடையில் பழைய மெஷினில் உட்கார்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தும்போது மூத்தவள் மனதில் இருந்ததைக் கொட்டினாள்.

“நான்தானேம்மா உன்னைக் கட்டிக்கச் சொன்னேன்.”

அம்மா ஈரப் போர்வையை உதறினாள்.

“நீ சொல்லித்தான் கட்டிக்கிட்டேன்னு நெனச்சியா? எனக்கே ஆசையா இருந்துச்சுடி. அதுக்கு நான் ஏன் வெக்கப்படணும்? வெக்கப்பட வேண்டியவன் உள்ள இருக்கான். அந்த முனையைப் பிடி, தரையில படுது பாரு.”