லீவு போட்ட இஞ்சின்

நான் நாலாவது படிக்கும்போது எங்கள் வீட்டு முன்னறையில் ரேணிகுண்டா இருந்தது. வாசற்படியைத் தாண்டியதும் புத்தூர் ஸ்டேஷன். சுவரோரமாக நடந்தால் தடுக்கு, அப்புறம் பூடி, ஜன்னலுக்குக் கீழே ரேணிகுண்டா. நடுவில் நகரி மலை. வீட்டுக்கு வருகிறவர்கள் இந்த நாலு ஊரையும் சுற்றிக்கொண்டு, வயிற்றை எக்கியபடிதான் சமையலறைப் பக்கம் போக முடியும். எல்லாம் எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகை ஒன்றின்மேல் நைனாவும் சின்ன மாமாவும் பொம்மை ரயிலுக்காகக் கட்டிய ஊர்கள்.

நைனா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. அவருக்குத் திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. காலையில் புத்தூரில் பாசஞ்சர் ஏறுவார், சாயங்காலம் அதே தண்டவாளத்தில் திரும்புவார். மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்ன மாட்டான் என்பார்கள். எங்கள் நைனா தின்கிற ரகம். தினமும் போகவர ரயிலில் உட்கார்ந்து வந்த மனுஷன், ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அதே ரயில் பாதையை வீட்டிலும் போட ஆரம்பித்துவிடுவார். கூட்டாளி, அம்மாவின் தம்பியான சின்ன மாமா. அவர் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வயரிங் வேலை பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். தெலுங்குப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், அக்கா புருஷனான நைனாவை அவர்கள் மாதிரியே ‘பாவா’ என்றுதான் கூப்பிடுவார்.

இஞ்சினும் தண்டவாளமும் சென்னையிலிருந்து வாங்கி வந்தவை. மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடைத்தவை, அல்லது அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தவை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்தால் மரம். காய்ந்த டீத்தூள் செம்மண். காது குடையும் பஞ்சுக்குச்சி சிக்னல் கம்பம். தண்டவாளத்துக்கு நடுவே கொட்டும் ஜல்லிக்காகத் தெருவில் வீடு கட்ட இறக்கிய மணலை அம்மாவின் டீ வடிகட்டியால் சலித்தார்கள். அன்றைக்கு டீ வாயில் நறநறத்ததும் அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

வேலை நத்தை வேகத்தில்தான் நடந்தது. ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தால் ஒரு சிக்னல் நிற்கும். இன்னொரு ஞாயிறு அது சாய்ந்திருக்கும். நகரி மலை உச்சியில் மூக்குப் போல நீட்டிய பாறை ஒன்று உண்டு, அந்த மூக்கை மட்டும் மூன்று தடவை செய்தார்கள். முதல் மூக்கு கிளிமூக்கானது, இரண்டாவது காயும் முன்பே உடைந்தது. மூன்றாவது சரியாக வந்தது, ஆனால் பெரிய மாமாவின் மூக்கை அப்படியே உரித்து வைத்திருந்தது. மாற்றலாமா என்று நைனா யோசித்தார். கூடவே கூடாது என்று சின்ன மாமா ஒற்றைக்காலில் நின்றார்.

இந்தப் பெரிய மாமா அம்மாவின் அண்ணன். திருப்பதியில் சொந்த வீடு, பெரிய குரல். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பலகையைப் பார்த்த நாளிலிருந்து, “இன்னா மாப்ளே, பொம்ம ரயிலு வளர்ந்துகினு கீதா?” என்பதுதான் அவருடைய குசலவிசாரிப்பு. நைனா சிரித்து வைப்பார். சிரித்து முடித்ததும் காது மடல் சிவந்திருக்கும்.

அம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. அவளிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது, அது கட்டிலுக்குப் பின்னால் கோணிச்சாக்கு போர்த்திக்கொண்டு கிடந்தது. ஜன்னலோரம் போட்டுத் தைத்தால் தெருப் பெண்கள் எல்லாரும் ஜாக்கெட் துணியோடு வரத் தயாராக இருந்தார்கள். ஆனால் வீட்டில் இருந்த ஒரே நல்ல வெளிச்சத்தை ரேணிகுண்டா பிடித்துக்கொண்டது. இரண்டு வருஷம் பொறுத்தவள், அந்த வருஷம் நவராத்திரி தொடங்கிய அன்று இடுப்பில் கைவைத்து நின்று ஒரு கெடு வைத்தாள்.

“ஆயுத பூஜ அன்னிக்கி எங்க அண்ணன் முன்னாடி இது ஒரு சுத்து முழுசா சுத்தி வரணும். வந்துச்சின்னா இங்கயே இருக்கட்டும். வரலன்னா மாடி கொட்டாய்க்குப் போயிடணும். அப்பறம் நான் ஒரு பேச்சு கேக்க மாட்டேன்.”

மாடிக் கொட்டகை என்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. வெயிலில் பலகை வளையும், மழையில் ஊறும், எலி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அங்கே போனால் ரயில் அவ்வளவுதான் என்பது எனக்கே தெரியும். நைனா தலையாட்டினார். அன்றிலிருந்து எட்டு நாளும் இரண்டு பேரும் வேலைக்குப் போய்வந்த கையோடு பலகைக்குக் கீழே படுத்துக் கிடந்தார்கள். முதல் நாள் இஞ்சின் புத்தூரிலிருந்து பக்கத்து நார் மரம் வரை ஒரு சாண் நகர்ந்தது. நாலாம் நாள் தடுக்கு. எட்டாம் நாள் பூடியைத் தாண்டி மலைக்குள் போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. கடைசித் துண்டுத் தண்டவாளத்தை ஆயுத பூஜை காலையில்தான் ஒட்டினார்கள்.

“ஒரு தபா ஓட்டிப் பாத்துடலாம் பாவா” என்றார் சின்ன மாமா.

“பூஜ முடிஞ்சி, மச்சான் வந்தப்புறம் ஓட்டலாம். மொத சுத்து சாமி பாக்கட்டும்” என்றார் நைனா. இஞ்சினைத் துடைத்து, பலகையிலிருந்து எடுத்து, சாமி படத்துக்கு முன்னால் அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் வைத்தார்.

இனி என் பங்கு. ஆயுத பூஜையன்று வீட்டிலுள்ள கருவிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. அம்மா கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு சுண்டல் தாளிக்கப் போய்விட்டாள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அம்மி, மிக்ஸி, சைக்கிள், தையல் மெஷின், சின்ன மாமாவின் ஸ்க்ரூ டிரைவர் என்று ஒன்று விடாமல் வைத்துக்கொண்டு வந்தேன். இஞ்சினிடம் வந்ததும் எனக்குப் பாசம் பொங்கிவிட்டது. நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். சைக்கிளுக்குச் சக்கரத்தில் வைக்கிறோம், இதற்கும் சக்கரம் இருக்கிறதே என்று திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். அப்புறம் பலகைக்குப் போனேன். நாலு ஸ்டேஷன் தண்டவாளத்துக்கும் வரிசையாகப் பொட்டு. எட்ட நின்று பார்த்தபோது ரேணிகுண்டாவுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. பொட்டு சின்னதாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தது நினைவுக்கு வர, எல்லாவற்றையும் விரலால் தேய்த்து, இருப்பது தெரியாத அளவுக்கு மெல்லிசாக்கினேன். கைவேலை எனக்கே திருப்தியாக இருந்தது.

பெரிய மாமா வந்தார். பூசணிக்காய் உடைத்தாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. எல்லாரும் கையில் பொரியும் சுண்டலுமாக முன்னறையில் சுவரை ஒட்டி நின்றோம். நைனா இஞ்சினை இரண்டு கையாலும் எடுத்துப் புத்தூரில் வைத்து, பின்னால் மூன்று பெட்டிகளை மாட்டினார். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். சின்ன மாமா ஸ்விட்சைப் போட, நைனா ரயிலைக் கிளப்பும் குமிழைத் திருகினார்.

ரயில் அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் திருகினார். சின்ன மாமா குனிந்து ஒயரைப் பார்த்தார், ப்ளக்கைப் பிடுங்கிச் செருகினார், மறுபடி குனிந்தார். பெரிய மாமா பொரி மெல்லும் சத்தம் நன்றாகக் கேட்டது.

“இன்னா மாப்ளே, சிக்னல் உழலியா?” என்றார்.

நைனா இஞ்சினைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தண்டவாளத்தில் ஒரு விரலை வைத்து இழுத்து, அந்த விரலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் வாய் நிறையப் பொரியோடு அவரைப் பார்த்துச் சிரித்தேன். என் வலது கை விரல்கள் அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தன.

சின்ன மாமாவும் எட்டிப் பார்த்தார். “பாவா, இது…” என்று ஆரம்பித்தவர், “ஸ்” என்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நைனா அவர் கால்விரலை மிதித்திருந்தார். இடம் போதாததால் மிதிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நைனா இஞ்சினை மறுபடி சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“என் தப்புதான். இன்னிக்கி ஆயுத பூஜ. கத்தி, கத்திரிக்கோலு எல்லாம் இன்னிக்கி தொட மாட்டோம், இத மட்டும் வேல வாங்கலாமா? அதான் லீவு போட்டுச்சி” என்றார்.

பெரிய மாமா சிரித்த சிரிப்பில் பொரி நாலு பக்கமும் தெறித்தது. “சரே சரே. ரெண்டு வருசமா லீவுலதான கீது, இன்னிக்கி இன்னா புதுசா?” என்றார். அதைச் சாப்பாட்டிலும் சொன்னார், வெற்றிலை போடும்போதும் சொன்னார், ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது தெருவில் நின்று பக்கத்து வீட்டாரிடமும் சொன்னார். நைனா ஒவ்வொரு முறையும் சிரித்தார். காது மடல் மட்டும் கடைசிவரை சிவப்பாகவே இருந்தது.

எனக்கோ இஞ்சினை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. ஒரு பொட்டு வைத்ததும் இவ்வளவு பக்தி வந்துவிட்டதே என்று நினைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் நைனா எழுந்து மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். கெடு வைத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கெஞ்சவில்லை. மரங்களைப் பிடுங்கி அட்டைப் பெட்டியில் போட்டார். நகரி மலையைப் பழைய பேப்பரில் சுற்றினார். பிறகு தரையில் உட்கார்ந்து, ஒரு கிழிந்த வெள்ளைப் பனியனை மண்ணெண்ணெயில் நனைத்து இஞ்சினின் சக்கரங்களைத் துடைத்தார். எழுந்து போய்த் தண்டவாளத்தையும் ஊர் ஊராகத் துடைத்தார். கொட்டகைக்குப் போகிற பொருளை எதற்கு இப்படித் துடைக்கிறார் என்று போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா காபியோடு வந்தாள். “இன்னா அது துணியில செவப்பா?”

“துருதான்மா. வேறொண்ணும் இல்ல.”

அம்மா குனிந்து துணியை எடுத்தாள். விரித்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். மண்ணெண்ணெய் வாடையை இவ்வளவு நேரம் யாராவது முகர்வார்களா என்று எனக்குத் தோன்றியது. பிறகு நான் படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன்.

“நேத்தே சொல்றதுக்கென்ன?” என்றாள் அம்மா, ரொம்ப மெதுவாக.

“அத்தன பேரு முன்னாடி கொழந்தையவா?” என்றார் நைனா.

எந்தக் குழந்தை, என்ன விஷயம் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. லாட்ஜில் யாருடைய குழந்தையோ தொலைந்துவிட்டது போல என்று முடிவு செய்துகொண்டேன்.

அம்மா காபியைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, “இன்னிக்கி விஜயதசமி. ஆரம்பிச்சா நல்லது. வைங்க அத” என்றாள். நைனா இஞ்சினைப் புத்தூரில் வைத்தார். குமிழை அம்மாவே திருகினாள்.

மரமும் மலையும் இல்லாத மொட்டைப் பலகையில் ரயில் கிளம்பியது. தடுக்கு, பூடி, ஜன்னலுக்குக் கீழே ரேணிகுண்டா, அப்படியே வளைந்து புத்தூருக்கு வந்து சேர்ந்தது. பல்தேய்க்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்த சின்ன மாமா நுரையோடு விசிலடித்தார். நான் போர்வையை உதறிவிட்டுக் குதித்தேன். பார்க்க வேண்டிய பெரிய மாமா மட்டும் இல்லை.

“ரேணிகுண்டாவ ஒரு அடி வெட்டுங்க. ஜன்னலாண்ட மெஷின் போட்டுக்கறேன். கொட்டாய்க்கெல்லாம் ஒண்ணும் போவ வாணாம்” என்றாள் அம்மா. அன்றைக்கே நைனா ரம்பத்தை எடுத்து ரேணிகுண்டாவில் இரண்டு ப்ளாட்பாரத்தை அறுத்துத் தள்ளினார். அதற்கப்புறம் முன்னறையில் தையல் மெஷின் சத்தமும் ரயில் சத்தமும் சேர்ந்தே கேட்டன. ஜாக்கெட் துணியில் மிஞ்சிய நீலத்தை ஒட்டுப்போட்டு, பலகைக்குப் பின்னால் தொங்கவிட ஒரு வானமும் அம்மா தைத்துக் கொடுத்தாள்.

நான் பள்ளிக்கூடத்தில் போய், எங்கள் இஞ்சின் ஆயுத பூஜைக்கு லீவு எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் சரியாக ட்யூட்டியில் சேர்ந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். அடுத்த வருஷமும் கிண்ணம் என் கைக்கே வந்தது. இஞ்சினைக் கையில் எடுத்தபோது நைனா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நெத்தியில மட்டும் வை பாப்பா. கால்ல வாணாம், அதுக்குக் கூசும்” என்றார். வளர்ந்து, திருப்பதியில் வேலைக்கு வரும்வரை ஒவ்வொரு வருஷமும் நெற்றியில் மட்டும்தான் வைத்தேன்.

இப்போது திருப்பதியில் என் வாடகை அறையில் புதிதாக மேஜை அளவுக்கு ஒரு பலகை வைத்திருக்கிறேன். ஒரு ஸ்டேஷன், ஒரு வளைவு, பாதி மலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதோ ஒன்று நிமிர்கிறது, ஏதோ ஒன்று சாய்கிறது. போன மாதம் இஞ்சின் திடீரென்று நின்றுவிட்டது. இதே பைத்தியம் பிடித்த தோழி ஒருத்தியிடம் போனில் கேட்டேன். தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் கரண்ட் ஏறும், மெல்லிசாக அழுக்குப் படிந்தாலும் ஓடாது, கவிழ்த்துப் பார் என்றாள். கவிழ்த்தேன். சக்கரத்தில் கொஞ்சம் தூசிதான் இருந்தது. ஆனால் நான் பார்த்தது சந்தனத்தையும் குங்குமத்தையும்தான். மிதிபட்ட கால், முகர்ந்த துணி, சிவந்த காது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இரண்டு வருஷ உழைப்பைவிட, ஒன்பது வயதுப் பிள்ளை ஊர் சிரிக்க நிற்கக்கூடாது என்பது அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. நன்றி சொல்லவேண்டும் போலிருந்தது. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் போன் போட்டேன்.

“நைனா, அன்னிக்கி ஆயுத பூஜைக்கு நம்ம இஞ்சின் ஏன் ஓடல?”

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“அதான் அன்னிக்கே சொன்னேனே பாப்பா” என்றார் நைனா. “லீவு.”