ரஃப் நோட்டில் மண்டை ஓடு

எங்கள் வீட்டுக்குச் செல்போன் வராத காலம். மதுரை திருநகரில் வாடகை வீட்டில் இருந்தோம். மகள் அப்போது ஆறாம் வகுப்பு. சனிக்கிழமை ஆனால் போதும், சிம்மக்கல்லில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பாள்.

அங்கே டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் இருந்தது. கண் கெட்டுப்போகும், படிப்பு கெட்டுப்போகும் என்று எனக்கு அதன்மேல் ஏக எரிச்சல். நாத்தனார்மேலும்தான். அவர் என் கணவரின் அக்கா. முதலில் தம்பியை, இப்போது தம்பி பிள்ளையைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறார் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

ஒருநாள் மகளின் பையைத் துழாவினேன். ஆமாம், அது அப்போது என் வாராந்திர வேலை. ரஃப் நோட்டில் கட்டம் கட்டமாகக் கோடுகள். கட்டங்களுக்குள் பாம்பு, சாவி, மண்டை ஓடு. மண்டை ஓடுகளுக்குப் பக்கத்தில் 7, 11, 4 என்று எண்கள். மாந்திரீகத் தகட்டில் இப்படித்தானே கட்டம் போட்டு எண் எழுதுவார்கள்! நாத்தனார்தான் பிள்ளை கையால் எழுத வைத்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன். மகளையே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் அங்கே தகவல் போய்விடும் என்று பயம்.

கணவரிடமும் சொல்லாமல், கொட்டாம்பட்டிப் பக்கம் உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி ஒருவரிடம் பஸ் ஏறிப் போனேன். நோட்டைப் புரட்டியவர், "வெளியாளு இல்லத்தா, உறவுக்குள்ளதான். இதை எரிச்சுப்புடு" என்றார். யார் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. வீட்டுக்கு வந்த கையோடு வெந்நீர் அடுப்பில் நோட்டைப் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மகளை அனுப்பவில்லை. என்னவோ ஏதோ என்று மறுநாள் நாத்தனாரே தூக்குவாளி நிறையப் பணியாரத்தோடு வந்தார். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'வாங்க' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பக்கம் திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். வாசலுக்கு வந்தவரை 'வாங்க' என்று கேட்காவிட்டால் உறவே அறுந்துவிடும். அவர் என் முகத்தைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டார். அதில் என்ன கலந்திருக்கிறதோ என்று பணியாரத்தையெல்லாம் குப்பையில் கொட்டினேன்.

அன்று சாயங்காலம் மகள் நோட்டைத் தேடினாள். எரித்துவிட்டேன் என்றதும் ஓவென்று அழுதாள். "இருபத்திமூணு ரூமுக்கு வழி போட்டு வச்சிருந்தேன்மா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுதுகொண்டே, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் மறுபடி வரைந்தாள். கேமில் ஒரு கோட்டையாம். ஒவ்வொரு கட்டமும் ஓர் அறை. மண்டை ஓடு, அவள் தோற்றுப்போன இடம். எண், அங்கே எத்தனை தடவை தோற்றாள் என்பது.

"பதினோரு தடவையா?" என்றேன்.

"ஆமாம்மா. எங்க தப்புப் பண்ணோம்னு குறிச்சு வச்சாத்தானே அடுத்த தடவ மாட்டிக்க மாட்டோம்?"

"அத்தை சொல்லிக் குடுத்தாங்களா?"

"அத்தைக்கு அத ஆன் பண்ணவே தெரியாதும்மா."

எழுந்துபோய், நாத்தனாரின் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நானே மகளோடு சிம்மக்கல் போனேன். வெறும் வாளியாகத் திருப்பக் கூடாதென்று கொஞ்சம் சீனி போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். மகள் உள்ளே ஓடிவிட்டாள். எனக்கு வாசலைத் தாண்டிக் கால் நகரவில்லை. அவர் கேட்காவிட்டால் பேசாமல் திரும்பிவிடுவதுதான் நியாயம் என்று நின்றேன்.

எட்டிப் பார்த்தவர், "வாத்தா. வெயில்ல ஏன் நிக்கிற?" என்றார்.

அழுதுவிட்டேன். கோடாங்கி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாளியை வாங்கித் திறந்து சீனியைப் பார்த்தார். பிறகு, "பணியாரத்தையாவது தின்னியா?" என்றார்.

"நல்லா இருந்துச்சு மதினி" என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் சொன்ன பொய்.

வீடியோ கேம் நல்லதா, கெட்டதா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் மகள் வரைந்ததுபோல என் வாழ்க்கைக்கு ஒரு படம் வரைந்தால், முதல் மண்டை ஓட்டைத் திருநகர் வீட்டுக் கேட்டில்தான் போடுவேன். எங்கள் வாசலில் யார் நிழல் விழுந்தாலும் நான் முந்திக்கொண்டு 'வாங்க' என்று கேட்பது அதனால்தான்.