நான் கழுவிய வால்வுகள்

எனக்குச் சுத்தம் ஒரு வியாதி என்று அக்கா சொல்வாள். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு துணியை எடுத்து எதையாவது துடைத்துக்கொண்டிருப்பேன். கள்ளக்குறிச்சியில் நான் வைத்திருக்கும் தையல் கடையில் மெஷினுக்கு அடியில்கூட ஒரு நூல் துண்டு கிடக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. உண்டு என்ன, இருந்தது.

போன ஆயுத பூஜையன்று கடைப் படையலைக் காலையிலேயே முடித்துவிட்டுத் தியாகதுருகத்துக்கு பஸ் ஏறினேன். அக்கா வீட்டில் சாயந்திரம்தான் படையல். அவளுக்கு மூட்டுவலி, குனிந்து நிமிர முடியாது. வீட்டைக் கழுவி விட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் வருஷா வருஷம் நான்தான்.

அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆலையில் பார்த்த சர்க்கரை போதாதென்று உடம்பிலும் அது வந்து, கண்ணில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. ஆள் தெரியும், எழுத்து தெரியாது. ஆனாலும் தெருவில் எவர் வீட்டு மிக்சி நின்றாலும் அவரிடம்தான் வரும். விரலால் தடவித் தடவியே சரி பண்ணிவிடுவார். "கண்ணு தெரியாத மனுசனுக்குக் கரண்டு வேல இன்னாத்துக்கு?" என்று அக்கா தினமும் அரற்றுவாள். அவள் பயம் அவளுக்கு.

அந்தச் சண்டைக்கு நடுவில்தான் ரேடியோ வந்தது. களமருதூரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது பரணில் கிடந்து, காயலான் கடைக்கு வந்த பெரிய வால்வு ரேடியோ. மாமா அதை ஆட்டோவில் வைத்து எடுத்துவந்து, அக்காவிடம் பந்தயம் கட்டிவிட்டார். "இத்த நான் பாட வெக்கறேன். பாடிச்சுனா என் வேலைல நீ தலையிடக் கூடாது. பாடலன்னா அன்னிக்கே எல்லாத்தையும் மூட்ட கட்டிடறேன்." இதை அக்காவே போனில் சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். மாமா சிரித்திருக்க மாட்டார் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

நான் போனபோது அவர் வீட்டில் இல்லை. ரேடியோவைப் பிரித்து மேசையில் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு செய்தித்தாள் மேல் ஐந்து வால்வுகள். கட்டைவிரல் பருமனில் கண்ணாடிக் குழாய்கள், அடியில் கம்பி கம்பியாக எட்டுக் கால். ஒரே அழுக்கு, இரண்டு மட்டும் புகை பிடித்துக் கரியாகவே இருந்தன. ஆயுத பூஜையன்று ஆயுதம் இப்படியா இருக்கும்? சுத்தியல், ஸ்க்ரூ டிரைவரோடு அவற்றையும் எடுத்துக்கொண்டு போய் சோப்புத் தண்ணீரில் முக்கித் தேய்த்தேன். கரியாக இருந்த இரண்டையும் விடாமல் தேய்த்தேன். துடைத்துத் தாம்பாளத்தில் வட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

படையல் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது. அதனால் மாமாவுக்கு விஷயம் காலையில்தான் தெரிந்தது. ஒரு வால்வை எடுத்து விரலால் உருட்டினார். வழவழவென்று இருந்தது.

"யாரும்மா கழுவனது?"

"நான்தான் மாமா. அழுக்கா இருந்துச்சு."

வால்வைத் தாம்பாளத்திலேயே திரும்ப வைத்தார். "பரவால்ல, வுடு. உங்க அக்காகிட்ட சொல்லாத, கத்துவா," என்றார். எது எந்த வால்வு என்பது கண்ணாடி மேல் மையால் அச்சடித்திருக்குமாம். அந்த மை கை பட்டாலே போய்விடுமாம். ஐந்துக்கும் ஒரே மாதிரி எட்டுக் கால், ரேடியோவில் எந்தக் குழியிலும் எதுவும் உட்காரும். மாற்றி மாட்டினால் எரிந்துபோகும். அதற்காகத்தான் வரிசை மாறாமல் தாளில் வைத்திருந்தார். அந்த வரிசையையும் நான் கலைத்திருந்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவரோ எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரே ஒரு வழியும் சொன்னார். "ஃப்ரிஜ்ல வெச்சு எடு. வெளிய வந்ததும் பனி மூட்டம் போடும். மை இருந்த எடத்துல மட்டும் பனி வேற மாதிரி புடிக்கும், எழுத்து தெரியும். உன் கண்ணு தையக்காரி கண்ணு, நீ படி. எந்தக் குழில எதுன்னு எனக்கு மனப்பாடம்."

அவர் சொன்னபடியே நடந்தது. ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தால், தேய்ந்துபோன எழுத்து பனியில் மெல்ல எழுந்து வந்தது. மூன்று வால்வுகளைத் தயங்காமல் படித்தேன். மாமா ஒவ்வொன்றையும் வாங்கி, குழியைத் தடவிப் பார்த்து மாட்டினார். மீதி, கரியாக இருந்த இரண்டு. மாமாவின் கணக்குப்படி ஒன்று யு.எல். 41, பாட்டை ஸ்பீக்கருக்குத் தள்ளுவது. இன்னொன்று யு.ஒய். 41, கரண்டை ரேடியோவுக்குத் தோதாக மாற்றிக் கொடுப்பது. இரண்டிலும் முதல் எழுத்தும் கடைசி நம்பரும் தெரிந்தன. நடு எழுத்து இல்லை. நான் அழுத்தித் தேய்த்த இடம் அது. திரும்ப ஃப்ரிஜ்ஜில் வைத்து எடுத்தேன். பனி நீராகி வழிந்தது, எழுத்து வரவில்லை.

"இன்னாம்மா, தெரியுதா?"

அடுப்படியில் இருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, ரெண்டு பேரும் ஃப்ரிஜ்ஜத் தொறந்து தொறந்து மூடிக்கினு இருக்கீங்க?"

தெரியவில்லை என்று சொன்னால் நான் கழுவிக் கெடுத்த கதை வெளியே வரும். மாமாவின் பந்தயமும் என்னால் போகும். ஒரு வால்வை எடுத்து, "இது எல் மாமா," என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

அதை வலது கையிலும் மற்றதை இடது கையிலும் வாங்கிக்கொண்டார். மாட்டினார். ஸ்விட்சைப் போட்டதும் ரேடியோவின் முகப்பில் மஞ்சள் விளக்கு வந்தது. அவர் முகம் மலர்ந்தது. கொர்ரென்று ஒரு சத்தம், பிறகு அரக்கு கருகுகிற நாற்றம், பின்பக்கம் புகை. பதறிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

"டிரான்ஸ்பார்மர் போச்சு," என்றார். "ரெண்டும் மாறிப் போச்சும்மா. நீ கைல சரியாத்தான் குடுத்த. நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

என் வாய்க்கு அப்போது என்ன கேடு? ஒரு வார்த்தை வரவில்லை. அக்கா வந்து புகையைப் பார்த்து, அவள் பாட்டுக்குக் கத்தினாள். மாமா சால்டரிங் அயர்னையும் டெஸ்டரையும் எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அவற்றை பீரோவில் வைத்துப் பூட்டினாள். நான் மதிய பஸ்ஸைப் பிடித்தேன். கல்வராயன் மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் பேச்சுக் கொடுத்தாள், எனக்குக் காது கேட்கவில்லை.

கடையில் வேலை ஓடவில்லை. ஒரு ரவிக்கைக்குக் கை மாற்றி வைத்துத் தைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்கு அது குத்தியது. அந்த வாரமே அக்கா போன் பண்ணினாள். எதிர்வீட்டுப் பையன் மிக்சி எடுத்துக்கொண்டு வந்தானாம். "எனக்குக் கண்ணு இல்லப்பா, வேற ஆளப் பாரு" என்று மாமா திருப்பி அனுப்பிவிட்டாராம். ஜெயித்தவள் அக்கா, ஆனால் அவள் குரலே கம்மிப் போயிருந்தது. "சோறுகூட சரியாத் துன்னறதில்லடி," என்றாள்.

கடையைப் பூட்டிக்கொண்டு அப்படியே கிளம்பினேன். மாமா வாசலில் நாற்காலி போட்டு, சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். அந்த எழுத்து எனக்குத் தெரியவே இல்லை, பயத்தில் குருட்டாம்போக்கில் சொன்னேன், நீங்கள் புகையைப் பார்த்துக் கலங்கி நின்றபோதும் வாயைத் திறக்கவில்லை என்று.

"தெரிலன்னு சொல்லிருந்தா மீட்டர் வெச்சுக் கண்டுபுடிச்சிருப்பனே," என்றார். "ரெண்டு நிமிச வேல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் மாத்தி மாட்டலியா?"

"இல்ல மாமா."

"என் கை தப்பு பண்ணல?"

"பண்ணல மாமா."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அத்த சத்தமா சொல்லு. உங்க அக்கா உள்ளதான் கீறா."

எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். எனக்கு உடம்பு கூசியது. கூசட்டும் என்று சொன்னேன். "அக்கா, மாமா சரியாத்தான் மாட்டினாரு. நான்தான் பாக்காமலே பாத்தேன்னு சொல்லிட்டேன்."

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"இன்னொரு வாட்டி சொல்லு," என்றார் மாமா.

சொன்னேன்.